நத்தைக்குப் போன பெயர்: வாரிங்டன் தொட்டியில் செடியும் பாசியும்

மீன் தொட்டியில் பாசி பிடித்துவிட்டது என்று கடையில் போய்ச் சொன்னால், “ஒரு சக்கர் மீன் வாங்கி விடுங்கள் சார், எல்லாவற்றையும் மேய்ந்துவிடும்” என்பார்கள். கொஞ்சம் விவரமான கடை என்றால் நத்தையோ இறாலோ கட்டிக் கொடுப்பார்கள். பாசியைத் தின்ன ஒரு வாய் தேடும் இந்த வழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. 1849-இல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலர், செடி வைத்த தம் கண்ணாடித் தொட்டியில் பச்சைப் பாசி படர்ந்தபோது குளத்து நத்தைகளை இறக்கினார். பாசி போனது. நடந்ததை வரிசையாக எழுதி 1850-இல் வேதியியல் சங்கத்தில் கட்டுரையாகப் படித்தார். செடி, மீன், பாசி மூன்றும் ஒரே தொட்டியில் எப்படி நடந்துகொண்டன என்பதற்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பதிவுகளில் அதுவும் ஒன்று.

அந்தப் பதிவை எடுத்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் நத்தைக்கே மாலை போடுகிறார்கள். பதிவை நிதானமாகப் படித்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாசியை அடக்கி வைத்தது செடி. செடி வேர் பிடித்து எழும்வரை ஈடுகொடுத்ததுதான் நத்தையின் பங்கு. இதைக் காட்ட அந்தத் தொட்டியை மறுபடி ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும்.

தொட்டிக்குள் என்ன இருந்தது

வாரிங்டன் (1807–1867) சாதாரண ஆள் அல்ல. லண்டன் வேதியியல் சங்கம் 1841-இல் உருவாக முன்னின்றவர். மருந்து தயாரிப்போர் அமைப்பான சொசைட்டி ஆஃப் அப்பாதிகரீஸில் வேதியியல் பொறுப்பில் இருந்தவர். வெளிச்சத்தில் செடிகள் ஆக்சிஜன் வெளியிடும் என்பதை 1779-லேயே யான் இங்கன்ஹவுஸ் காட்டிவிட்டார். மீன் விடும் கரியமில வாயுவைச் செடியும், செடி விடும் ஆக்சிஜனை மீனும் எடுத்துக்கொண்டால், தண்ணீரை மாற்றாமலே இரண்டும் காலம் தள்ள முடியுமா என்பதுதான் வாரிங்டனின் கேள்வி.

சுமார் 12 காலன், அதாவது ஏறக்குறைய 55 லிட்டர் பிடிக்கும் கண்ணாடிக் கலம். அதில் பாதியளவுக்குச் சாதாரண ஊற்று நீர். அடியில் மணலும் சேறும். டெர்பிஷயரில் உள்ள மேட்லாக் பகுதியிலிருந்து வந்த, துளை துளையான டூஃபா என்னும் சுண்ணாம்புக்கல்லும் கொஞ்சம் மணற்கல்லும், மீன்கள் அடியில் புகுந்துகொள்ள வசதியாக அடுக்கப்பட்டிருந்தன. லண்டன் காற்றில் மிதந்த நிலக்கரிப் புகையின் கரி உள்ளே விழாமலிருக்க மேலே மஸ்லின் துணி. இரண்டு சிறிய தங்கமீன்கள். நாடாபோல் நீண்ட இலைகள் கொண்ட நீர்ச்செடியான வாலிஸ்னேரியா ஸ்பைராலிஸ் ஒன்றே ஒன்று. வேரைச் சேற்றில் செருகி, மிதந்து வந்துவிடாமல் ஒரு கல்லை மேலே வைத்தார்.

பம்ப் கிடையாது, ஃபில்டர் கிடையாது, விளக்கு கிடையாது. இன்று யாராவது 27 லிட்டர் தண்ணீரில் இரண்டு தங்கமீன் வைத்தால் நானே திட்டுவேன். நன்றாக வளர்ந்தால் ஒரு சாணைத் தாண்டும் மீன் அது. ஆனால் செடியின் பக்கத்திலிருந்து பார்த்தால் வாரிங்டன் தெரிந்தோ தெரியாமலோ நல்ல காரியங்கள் பலவற்றைச் செய்திருக்கிறார்.

முதலில் அந்தச் சேறு. வேரூன்றி வளரும் நீர்ச்செடிகள் பாஸ்பரஸ் போன்ற சத்துகளைப் பெரும்பாலும் அடிமண்ணிலிருந்துதான் இழுக்கின்றன. நீரில் கரைந்திருக்கும் சத்து பாசிக்கும் எட்டும். சேற்றுக்குள் இருக்கும் சத்து, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பாசிக்கு எளிதில் எட்டாது. செடிக்கு மட்டும் சாப்பாடு போட வேண்டுமென்றால் தட்டை எங்கே வைப்பது என்பதற்கு இதுவே விடை. நம் வீடுகளில் நீலமும் சிவப்புமாகச் சாயம் பூசிய கூழாங்கல்லை மட்டும் பரப்பி, அதில் செடியைச் செருகிவிட்டு, “செடி வரவே மாட்டேன் என்கிறது” என்று அலுத்துக்கொள்பவர்கள் அதிகம். அந்தக் கல்லில் செடிக்கு ஒன்றும் இல்லை.

அடுத்தது சுண்ணாம்புக்கல். செடித் தொட்டி வைப்பவர்கள் இன்று சுண்ணாம்புக்கல் என்றாலே ஓடுகிறார்கள். தண்ணீர் கடினமாகும், பி.எச். ஏறும் என்ற பயம். பல செடிகளுக்கு அந்தப் பயம் நியாயம்தான். வாலிஸ்னேரியா அந்தக் கூட்டத்தில் சேராது. தண்ணீருக்குள் கரியமில வாயு, காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. அதனால் நீருக்குள் வாழும் செடிக்கு எப்போதும் கார்பன் பஞ்சம். வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா போன்ற சில செடிகள் நீரில் கரைந்த பைகார்பனேட்டிலிருந்தும் கார்பனை எடுக்கக் கற்றவை. நீர்வாழ் மாஸ் வகைகளால் அது முடியாது. மேட்லாக் கல் மெல்லக் கரைந்து தந்தது இந்தப் பைகார்பனேட்டைத்தான். சென்னைப் புறநகரின் கடினமான போர் தண்ணீரில் மற்றச் செடிகள் சுணங்கும்போது வாலிஸ்னேரியா மட்டும் கொழுகொழுவென்று வளர்வதற்கும் காரணம் இதுவே. நத்தை ஓடு கட்டத் தேவையான கால்சியமும் அதே கல்லிலிருந்து வந்தது என்பது கூடுதல் லாபம்.

பாசி வந்த வழி

கொஞ்ச காலம் எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு வாலிஸ்னேரியாவின் இலைகள் மஞ்சளாகி, உயிரிழந்து, அழுகத் தொடங்கின. அழுகல் சேரச் சேரத் தண்ணீர் கலங்கியது. நீர்ப்பரப்பிலும் கண்ணாடிச் சுவரிலும் பச்சை நிறத்தில் வழுவழுப்பான படலம் படர்ந்தது. இப்படியே விட்டிருந்தால் மீன்கள் செத்திருக்கும் என்று வாரிங்டன் கருதினார்.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். இலை மஞ்சளானது, அழுகியது, நீர் கலங்கியது, அதன் பிறகே பாசி. பாசியிலிருந்து அவர் கதையைத் தொடங்கவில்லை. அழுகும் இலைகளை நீரிலிருந்து அகற்றுவதுதான் தலையாய வேலை என்று தெளிவாகவே எழுதினார். நத்தையைப் பாடுபவர்கள் தாண்டிப் போய்விடும் வரி இது.

இலை ஏன் அழுகியது? வாலிஸ்னேரியாவை இடம் மாற்றி நட்டவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். பழைய இலைகள் கண்ணாடிக் காகிதம்போல் வெளிறி, நுனியிலிருந்து கரைந்துபோகும். செடி செத்துவிட்டது என்று பிடுங்கி எறிபவர்களும் உண்டு. நடுக்குருத்து உறுதியாக இருந்தால் செடி உயிரோடுதான் இருக்கிறது. புதிய வேர் ஓடியதும் புதிய இலை வரும். சென்னையில் மீன் தொட்டிக் கடைகள் நிறைந்த கொளத்தூரில் வாங்கும் பல செடிகளுக்கு இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். சோர்டு, கிரிப்டோகோரைன் போன்றவற்றைப் பண்ணைகளில் பெரும்பாலும் நீருக்கு வெளியே, ஈரக்காற்றில் வளர்க்கிறார்கள். அந்த இலைகள் காற்றுக்கு ஏற்றவை. தண்ணீருக்குள் போனதும் உதிர்ந்து, நீருக்கு ஏற்ற இலைகள் புதிதாக முளைக்க வேண்டும். பளபளவென்று வாங்கி வந்த செடி இரண்டாவது வாரத்தில் கூழாகிவிடுவது இதனால்தான்.

கரையும் இலை பாக்டீரியாவுக்குத் தீனி. பாக்டீரியா பெருகினால் நீர் வெண்மையாகக் கலங்கும், ஆக்சிஜன் குறையும், அமோனியா வெளிவரும். அதே சமயம் தொட்டிக்குள் விழும் வெளிச்சத்தை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. இருந்த ஒரே செடியும் படுத்துவிட்டது. வெளிச்சம் இருக்கிறது, சத்து இருக்கிறது, செடி மட்டும் இல்லை. பாசி வருவதற்கு இதைவிட நல்ல அழைப்பு வேறென்ன வேண்டும்?

‘சத்தைக் குறைத்தால் பாசி தானே போய்விடும்’ என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நுண்ணிய இழைகளான பாசிக்குத் தன் உடலளவுக்கு மேற்பரப்பு மிக அதிகம். செடி பட்டினி கிடக்கும் அளவு நீர்த்த தண்ணீரிலும் அது தனக்கு வேண்டியதை உறிஞ்சிக்கொள்ளும். பாசியைப் பட்டினி போடக் கிளம்பினால் முதலில் சாவது செடிதான். செத்த செடி அழுகி மறுபடி பாசிக்கே உணவாகும்.

நத்தை செய்ததும் செய்யாததும்

வாரிங்டன் இறக்கியவை ஐந்தாறு நத்தைகள். லிம்னியா ஸ்டாக்னாலிஸ் என்ற ஐரோப்பியக் குளத்து நத்தை. கூம்பிய ஓடு ஐந்து சென்டிமீட்டருக்கும் மேல் வளரும் பெரிய வகை. அதன் வாயில் ராடுலா என்னும் நாடா, வரிசை வரிசையாக நுண்பற்களோடு அரம்போல் இயங்குகிறது. மெல்லிய பாசிப் படலம் படிந்த கண்ணாடியில் நத்தை மேயும்போது வெளியிலிருந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரியும்: வாய் திறக்கிறது, நாடா கீழிருந்து மேலாக ஒரு வழி வழிக்கிறது, மூடுகிறது, தலை சற்று இடப்பக்கம் திரும்பி மறுபடி வழிக்கிறது, பிறகு வலப்பக்கம். அது போன பாதையில் பச்சைப் படலத்தின் நடுவே வளைந்து வளைந்து ஒரு சுத்தமான கோடு விழுந்திருக்கும்.

இந்த நத்தைகள் அழுகிய இலையையும் பாசிப் படலத்தையும் சேர்த்து மேய்ந்தன. தொட்டி தெளிந்தது. ஜெல்லி போன்ற முட்டைக் கூட்டங்களைக் கல்லிலும் கண்ணாடியிலும் கணக்கில்லாமல் இட்டன. பொரித்து வந்த குஞ்சு நத்தைகளை ஓடு கெட்டிப்படும் முன்பே தங்கமீன்கள் தின்றன. மீனுக்கு உணவு, நத்தைக் கூட்டத்துக்குக் கட்டுப்பாடு, இரண்டும் ஒரே இடத்தில் முடிந்தன. இந்த ஏற்பாட்டின் அழகில்தான் எல்லோரும் மயங்கிவிடுகிறார்கள்.

ஆனால் நத்தை தின்ற பாசியிலும் இலையிலும் இருந்த நைட்ரஜன் எங்கே போனது? நத்தையின் உடம்பில் கொஞ்சம் தங்கியது. மிச்சம் கழிவாகவும் அமோனியாவாகவும் அதே தண்ணீரில் சேர்ந்தது. நத்தை எதையும் தொட்டியை விட்டு வெளியே எடுத்துப் போகவில்லை. மெதுவாக அழுக வேண்டியதை வேகமாக உரமாக்கியது, அவ்வளவே. அந்த உரத்தை எடுத்துக்கொள்ளச் செடி இல்லையென்றால் அடுத்த சுற்றுப் பாசி அதைத் தின்றிருக்கும். நத்தை அதை மேய, மறுபடி பாசி முளைக்க, தொட்டி அப்படியே சுற்றிக்கொண்டிருந்திருக்கும். செடியே இல்லாத தொட்டிகளில் சக்கர் மீனை விட்டவர்கள் அனுபவிப்பது இதைத்தான். அந்த மீன் போடும் கழிவின் அளவைப் பார்த்தவர்களுக்கு மேலும் விளக்கம் தேவைப்படாது.

வாரிங்டன் தரும் எண்ணிக்கைகள் என் பக்கம் பேசுகின்றன. இலையுதிர் காலத்துக்குள் அந்த ஒற்றைச் செடி ஓடுதண்டுகள் விட்டு முப்பத்தைந்துக்கும் மேற்பட்ட வலுவான செடிகளாகிவிட்டது. ஒரு சமயம் நீர்ப்பரப்பில் நாற்பதுக்கும் மேற்பட்ட பூக்களை எண்ணியிருக்கிறார். அழுகலிலும் மீன் கழிவிலும் இருந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் பெருமளவு எங்கே போயின என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். முப்பத்தைந்து செடிகளின் நாடா இலைகள் மேற்பரப்பில் படர்ந்தபோது, கீழே கண்ணாடிக்கு எட்டிய வெளிச்சமும் குறைந்திருக்கும்.

பூக்களைப் பற்றி ஒரு சின்னச் செய்தி. வாலிஸ்னேரியாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் பூக்கள் அடியில் உருவாகி, கழன்று, மிதந்து மேலே வரும். சுருள் சுருளான நீண்ட காம்பில் மேலே எழுவது பெண் பூ. வாரிங்டன் கண்டது சுருள் காம்புகள். செடிகள் அத்தனையும் ஒரே தாயின் கிளைகள். ஆக அந்தத் தொட்டி முழுக்கப் பெண் செடிகள். விதையில்லாமல், ஓடுதண்டுகளால் மட்டுமே அது நிறைந்தது.

ஓர் ஐயத்தையும் சொல்லிவிட வேண்டும். நத்தை விடாத இரண்டாவது தொட்டி ஒன்றை வாரிங்டன் பக்கத்தில் வைக்கவில்லை. புதிதாக நட்ட செடி வேர் பிடிக்கச் சில வாரங்கள் ஆகும். அழுகலைச் சமாளிக்கும் பாக்டீரியா நிலைகொள்ளவும் சில வாரங்கள் ஆகும். நத்தை உள்ளே போனதும் இவை இரண்டும் நடந்ததும் ஒரே பருவத்தில். நத்தை இல்லாமலே தொட்டி தானாகத் தெளிந்திருக்குமா என்பதற்கு அந்தப் பதிவில் விடை இல்லை. இன்றைய புதுத் தொட்டிகளில் முதல் மாதத்தில் வரும் பழுப்புப் படலம் யாரும் எதுவும் செய்யாமலே போவதைப் பார்த்தால், நத்தைக்குக் கொடுத்த மதிப்பெண்ணில் கொஞ்சம் கழிக்கத்தான் தோன்றுகிறது.

அப்பா விட்டதை மகன் பிடித்தார்

மீனின் கழிவு செடிக்கு நல்ல உரம் என்று வாரிங்டன் எழுதினார். கழிவுக்கும் உரத்துக்கும் நடுவில் நடப்பது அவருக்குத் தெரியாது. அன்று யாருக்குமே தெரியாது. 1877-இல் பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர், மணலும் சுண்ணாம்பும் நிரப்பிய குழாய் வழியாகக் கழிவுநீரைக் கசியவிட்டு, அமோனியா நைட்ரேட்டாக மாறுவது உயிரிகளின் வேலை என்று காட்டினார்கள். குளோரோஃபார்ம் ஆவி பட்டதும் அந்த மாற்றம் நின்றுவிட்டது. இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் இந்த ஆய்வை மேலும் கொண்டுசென்றவர், மாற்றம் இரண்டு கட்டமாக நடக்கிறது என்றார்: அமோனியாவை நைட்ரைட்டாக்குவது ஒரு வகை உயிரி, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குவது இன்னொன்று. அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். நம் வாரிங்டனின் மகன். 1838-இல் பிறந்தவர்; அப்பா தங்கமீன் வளர்த்தபோது பத்து, பதினொரு வயதுப் பையன். பின்னாளில் அப்பாவின் ஆய்வுக்கூடத்திலேயே வேதியியல் பயின்றவர். அந்த உயிரிகளைத் தனியே பிரித்தெடுப்பது மட்டும் அவருக்குக் கைகூடவில்லை. 1890-இல் விநோகிராட்ஸ்கி என்ற நுண்ணுயிரியலர் அதைச் செய்து முடித்தார்.

மகனின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அப்பாவின் தொட்டியைப் பார்த்தால் அந்த டூஃபா கல்லுக்கு இன்னொரு வேலையும் தெரிகிறது. அமோனியா நைட்ரேட்டாகும்போது நீரின் காரத்தன்மை செலவாகிறது. சுண்ணாம்புக்கல் அதை ஈடுசெய்யும். கல்லின் துளைகளும் மணலும் அந்த உயிரிகளுக்குக் குடியிருப்பு. ஃபில்டர் இல்லாத தொட்டி என்று மேலே சொன்னேன். அடியில் கிடந்த கல்லும் மணலும்தான் ஃபில்டர். இதற்கு மேல் செடியும் அமோனியத்தை நேரடியாக எடுக்கும். பல நீர்ச்செடிகள் நைட்ரேட்டைவிட அமோனியத்தையே விரும்பி எடுக்கின்றன. செடி நிறைந்த தொட்டியில் புதிய மீன் விட்டாலும் அமோனியா சோதனையில் நிறம் அவ்வளவாக மாறாமலிருப்பது அதனால்தான்.

வெளிச்சம் பற்றியும் வாரிங்டன் பின்னர் பாடம் கற்றார். எல்லாப் பக்கமும் கண்ணாடியாக இருந்தால் எல்லாப் பக்கமும் பாசி. குளத்தில் வெளிச்சம் மேலிருந்து மட்டுமே வருகிறது. பின்புறம் சாய்வாக, முன்பக்கம் மட்டும் கண்ணாடியாக, ஒளி பெரும்பாலும் மேலிருந்தே விழும்படி ஒரு தொட்டி அவர் பெயரால் விக்டோரியா காலத்தில் புழங்கியது. அடுத்துக் கடல்நீரிலும் இறங்கினார். அங்கே நத்தைக்குப் பதில் பெரிவிங்கிள் என்ற கடல் நத்தை. 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன் இல்லம் திறந்தது; அதற்குப் பின் வீட்டுக்கு வீடு தொட்டி என்ற மோகம் கிளம்பி, அடுத்த பத்தாண்டில் அடங்கியும் போனது.

இதே தொட்டியை இங்கே வைத்தால்

லண்டன் ஜன்னலில் நடந்ததை அப்படியே சென்னையிலோ மதுரையிலோ செய்ய முடியாது. 15 டிகிரி நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். இரவில் செடியும் மீனும் நத்தையும் பாக்டீரியாவும் சேர்ந்து அதைச் செலவழிக்கும்போது, விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். ஃபில்டர் இல்லாமல் வைப்பதானால் மீனை மிகக் குறைக்க வேண்டும். இரவில் மட்டுமாவது காற்றுப் பம்ப் ஓடட்டும். தங்கமீன் வேண்டாம்.

நேர் வெயில் படும் ஜன்னலும் வேண்டாம். ஆறு முதல் எட்டு மணி நேரம் எல்.இ.டி. விளக்கு போதும், டைமர் வைத்தால் தேவலை. ஒற்றைச் செடியோடு தொடங்கிய வாரிங்டனைப் பின்பற்றவும் தேவையில்லை. தொடக்கத்திலேயே அடர்த்தியாக நட வேண்டும். வாலிஸ்னேரியா வேர் பிடிக்கும்வரை ஹைட்ரில்லா, ஹார்ன்வோர்ட் போன்ற வேகமான செடிகளையும் மேலே கொஞ்சம் சால்வினியாவையும் போட்டால், அவை சத்தை இழுத்துக்கொள்ளும். சால்வினியாவுக்குக் கார்பன் காற்றிலிருந்தே கிடைப்பதால் அது பட்டினி கிடக்காது, நிழலும் தரும். பெருகியதை அள்ளிக் காயவைத்துத் தோட்டத்து உரக்குழியில் போடலாம். ஏரியில் கொட்டிவிடக் கூடாது. வளர்ந்துவிட்ட சக்கர் மீனை ஏரியில் கொண்டுபோய் விடுவதும் இதே குற்றம்தான். தொட்டிக்கு என்று வந்த அந்தத் தென்னமெரிக்க மீன் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் வலையில் சிக்கிக்கொண்டிருக்கிறது.

நத்தை வேண்டுமென்றால் குளத்திலிருந்து பிடிக்காமல், வேறு தொட்டியில் பெருகிய ராம்ஸ்ஹார்ன் நத்தைகளைக் கேட்டு வாங்குவது நல்லது. குளத்து நத்தைகள் ஒட்டுண்ணிப் புழுக்களைச் சுமந்து வரக்கூடும். எந்த நத்தையும் எல்லாப் பாசியையும் தின்னாது. இலை விளிம்பில் கருந்தாடிபோல் ஒட்டும் பாசி உண்மையில் சிவப்புப் பாசி இனம். நத்தை அதைத் தொடாது. கம்பளம்போல் உரிந்து வந்து துர்நாற்றம் அடிக்கும் நீலப்பச்சைப் படலம் பாசியே அல்ல, சயனோபாக்டீரியா என்ற பாக்டீரியா வகை. நத்தை அதையும் தொடாது. கருந்தாடிக்கு ‘திரவக் கார்பன்’ என்ற பெயரில் விற்கும் குளூட்டரால்டிஹைடை ஊற்றுபவர்கள் பொறுக்க வேண்டும்: வாலிஸ்னேரியா அதற்குக் கரைந்துபோவதில் பேர்போனது. கருந்தாடி பிடித்த இலையை வெட்டிவிடுவதுதான் இந்தச் செடிக்கு ஏற்ற மருந்து.

வெட்டுவதிலும் ஒரு முறை உண்டு. நாடா இலையை நடுவில் குறுக்கே வெட்டினால், வெட்டுவாய் பழுத்து அங்கிருந்தே அழுகல் தொடங்கும். காயம்பட்ட இடத்திலிருந்துதான் வெயில் நேரத்தில் ஆக்சிஜன் குமிழிகள் வரிசையாகக் கிளம்புகின்றன என்று வாரிங்டனும் கவனித்திருக்கிறார். மஞ்சளான இலையின் அடியை விரலால் பிடித்து, மண்ணுக்கு அருகில் பக்கவாட்டில் இழுத்தால் முழுதாக வந்துவிடும். குருத்தை மறு கையால் அழுத்திக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் செடியே வேரோடு வந்துவிடும். நட்ட முதல் ஒரு மாதம் இதை இரண்டு நாளுக்கு ஒருமுறை செய்தால் நத்தையே தேவைப்படாமல் போகலாம்.